மினுக்கிக்கு வைத்த பெயர்

கண்ணாடிக்காரர் முப்பது வருடமாக அந்தக் கடைத்தெருவின் மூக்குகள் மேல் உட்கார்ந்திருப்பவர். தபால் ஆபீஸ் ஊழியரிலிருந்து தையல்கடைப் பெண்மணி வரை, எதிரே வருகிறவர் முகத்தில் இருப்பது அவர் தேய்த்துக் கொடுத்த கண்ணாடியாகத்தான் இருக்கும். கடை சின்னது. முன்பக்கம் ஃப்ரேம் மாட்டிய அலமாரியும் எழுத்துப் பலகையும். பின்பக்கம் லென்ஸ் தேய்க்கும் அறை. அதில் ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே போக வேண்டும். "கால் பவர்தானேன்னு விட்டா, அந்தக் கால் பவர் அவங்க மண்டையில போய் இடிக்கும்" என்று சொல்லிவிட்டு, சரியாக அமையாத லென்ஸைக் குப்பையில் போட்டுவிடுவார். அளவு விஷயத்தில் மனிதர் அவ்வளவு கறார். அப்படிப்பட்டவர்தான் இதைச் செய்தார் என்றால் கேட்கிறவருக்கு ஆத்திரம் வருமா வராதா?

அவருக்குக் கூட்டாளி என்று உண்டானால் அது ஒயர்மேன்தான். கடைக்கு லைட் போட வந்த ஆள், வேலை முடிந்தும் கிளம்பவில்லை. பின்னறையில் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய ஒரு தடித்த கண்ணாடியைக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தார் கடைக்காரர்.

"இது எந்த மூக்குக்கு?" என்று கேட்டார் ஒயர்மேன்.

"மேல இருக்கிற மூக்குக்கு. டெலஸ்கோப்பு செய்யறேன்."

"அதைத் திருப்ப மோட்டார் வேணுமே. யார் போடுவாங்க?"

அன்றைக்கு ஒட்டியவர்தான். கண்ணாடிக்காரர் அவரைக் 'கரண்ட்டு' என்று கூப்பிட, பெற்றவர்கள் வைத்த பெயர் போய் அதுவே நிலைத்துவிட்டது. கடையின் மொட்டை மாடியில் தகரக் கொட்டகை எழும்பியது. கூரையைத் தள்ளினால் தண்டவாளத்தில் ஓடித் திறந்துகொள்ளும். அது கரண்ட்டின் மூளை. பழைய ஜெராக்ஸ் மெஷினிலிருந்து கழற்றிய மோட்டார் டெலஸ்கோப்பை நட்சத்திரங்களோடு மெல்லத் திருப்பும். அது அவருடைய கை. கண்ணாடிக்காரருடையது கண்ணாடியும், கம்ப்யூட்டரும், வெளியுலகத்தோடு எழுத்துப் போக்குவரத்தும்.

இரண்டு பேரும் தேடியது குறுங்கோள்களை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சூரியனைச் சுற்றுகிற பாறைகள். வானத்தில் ஒரே இடத்தைக் கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்று முறை படம் எடுப்பார்கள். மூன்றையும் கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றிப் போட்டால், நட்சத்திரமெல்லாம் இருந்த இடத்தில் இருக்க, ஒரே ஒரு புள்ளி மட்டும் நடக்கும். அது தெரிந்த பாறையா புதுசா என்று பார்க்க வேண்டும். நூற்றில் தொண்ணூற்றொன்பது தெரிந்த பாறை. முறை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். யார் முறையில் புதுசு கிடைக்கிறதோ அது அவர் பெயரில் பதிவாகும். இத்தனை வருடத்தில் கிடைத்தது இரண்டு. முதலாவது கரண்ட்டின் முறையில். இரண்டாவது கண்ணாடிக்காரர் முறையில்.

கண்டதும் பெயர் வைத்துவிட முடியாது. முதலில் வருஷமும் எழுத்துமாக ஒரு தற்காலிக அடையாளம் தருவார்கள், பிரசவ ஆஸ்பத்திரியில் குழந்தையின் கையில் கட்டும் அட்டை மாதிரி. அது பல வருடம் போய்ப் போய்த் திரும்பி வந்து, பாதை உறுதியானால்தான் எண். எண் வந்த பிறகுதான் என்ன பெயர் என்று சொல்லும் உரிமை கண்டுபிடித்தவருக்கு வரும். அதையும் ஓர் உலகக் குழு ஓட்டுப் போட்டு ஏற்க வேண்டும். பதினாறு எழுத்துக்குள் அடங்க வேண்டும். வாயில் நுழைய வேண்டும். ஏற்கெனவே இருக்கும் பெயரோடு ரொம்ப ஒத்துப்போகக் கூடாது. அரசியல்வாதியும் தளபதியும் என்றால் செத்து நூறு வருடம் ஆகியிருக்க வேண்டும். நாய், பூனை பெயரென்றால் முகம் சுளிப்பார்கள். காசுக்கு விற்கும் பேச்சே கிடையாது. யார் இந்த ஆள், எதற்காக இவர் பெயர் என்று நாலு வரி எழுதித் தர வேண்டும். பெயரோடு அந்த வரிகளும் காலத்துக்கும் நிற்கும். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது மட்டும் வழக்கத்தில் இல்லை. நாலு பேர் சிரிப்பார்கள்.

"அப்ப மாத்தி வெச்சுக்குவோம்" என்றார் கரண்ட்டு. "என்னோடதுக்கு உன் பேரு. உன்னோடதுக்கு என் பேரு. யாரும் சிரிக்க முடியாது."

"சரி" என்றார் கண்ணாடிக்காரர். கையடித்துக்கொள்ளக்கூட இல்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

முதலாவதற்கு எண் வந்ததும் கரண்ட்டு சொன்னபடி செய்தார். அவர் சொல்லச் சொல்லக் கண்ணாடிக்காரர்தான் தட்டினார். மூக்குக்கண்ணாடி தேய்ப்பவர், டெலஸ்கோப்பின் கண்ணாடியைக் கையால் தேய்த்தவர், அளவில் ஒருநாளும் பொய் எழுதாதவர்.

"கடைசி வரி வேணாம்டா. கூச்சமா இருக்கு."

"நீ தட்டு. உன்னோடதுக்கு எண் வரட்டும், அப்ப எனக்கு இதைவிட ஜாஸ்தி எழுதணும். அதான் இப்பவே ஏத்தி வைக்கறேன்."

இரண்டாவது பாறை கொஞ்சம் அலட்டல் பேர்வழி. பிரகாசமாக இருக்கும், மங்கும், மறுபடி பிரகாசமாகும். நீளவாட்டுப் பாறை, உருண்டுகொண்டே போகிறது. அகலப் பக்கம் காட்டினால் பளிச், முனையைக் காட்டினால் மங்கல். கரண்ட்டு அதற்கு 'மினுக்கி' என்று பெயரிட்டார். எட்டு வருடம் அதன் பின்னால் அலைந்ததும் அவர்தான். கண்ணாடிக்காரர் மகள் கல்யாணத்துக்கு அலைந்துகொண்டிருந்த மாதங்களில்கூட, "நீ போ, மினுக்கியை நான் பாத்துக்கறேன்" என்று தனியாக வந்து படம் எடுத்து வைத்தார். அவை இல்லாவிட்டால் மினுக்கிக்கு எண்ணே வந்திருக்காது.

அந்தக் கல்யாணத்தில்தான் வினை முளைத்தது.

மகள் போன வீடு பக்கத்து ஊரில், பெரிய வீடு. சம்பந்தி இரும்புச் சாமான் வியாபாரி. கெட்டவர் என்று சொல்ல முடியாது. தன்னைவிடச் சின்னவர்களைப் பார்க்கக் கண்ணை அவ்வளவாகத் திறக்க மாட்டார், அவ்வளவுதான். கண்ணாடிக்காரர் போனால் வாசலோரத்து நாற்காலி. ஒருமுறை கொட்டகைக்கு நாலு போல்ட் அவர் கடையிலேயே வாங்கியபோது, முழு விலை வாங்கிக்கொண்டு, "உறவு வேற, யாவாரம் வேற, இல்லையா சம்பந்தி?" என்று முதுகில் தட்டினார். மகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதுதான் கண்ணாடிக்காரருக்கு உறைத்தது.

பிறகு முதல் பாறையின் பெயர்ச் சேதி எப்படியோ சம்பந்தி காதுக்குப் போய்விட்டது. அடுத்த விருந்தில் கண்ணாடிக்காரருக்கு நடுக்கூடத்துச் சோபா. வந்தவர்களிடமெல்லாம், "நம்ம சம்பந்தி பேர்ல வானத்துல ஒண்ணு சுத்துது, தெரியுமில்ல?" என்று சம்பந்தியே அறிமுகம் செய்தார். மகள் தட்டைக் கொண்டுவந்து வைக்கும்போது முகம் மலர்ந்திருந்தது. அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்துக் கண்ணாடிக்காரர் பார்த்ததில்லை.

"ரெண்டாவது ஒண்ணு இருக்காமே?" என்றார் சம்பந்தி. "அதுக்கு யார் பேரு?"

சமையலறை வாசலில் மகள் நின்றாள். ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

"உங்க பேருதான் நினைச்சிருக்கேன், சம்பந்தி."

சம்பந்தி எழுந்துவந்து கட்டிக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் கண்ணாடிக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். பக்கத்தில் மனைவி இருந்தாள். வெகுநேரம் கழித்து ஒன்றுதான் கேட்டாள்: "கரண்ட்டு அண்ணன்கிட்ட என்ன சொல்லுவீங்க?" அவர் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

எண் வந்தது. சம்பந்தியிடமிருந்து வாரத்துக்கு இரண்டு போன் வந்தது. கடைசியில் கண்ணாடிக்காரர் ஒரு மத்தியானம் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு அந்த நாலு வரியை எழுத உட்கார்ந்தார். எதற்காக இவர் பெயர்? முழு விலைக்கு போல்ட் விற்றதற்காக என்று எழுத முடியுமா? 'வானியல் ஆர்வலர்களுக்குத் துணை நின்ற வணிகர்' என்று எழுதினார். சம்பந்தி ஒருநாளும் அந்த மாடிப்படி ஏறியதில்லை. அவருக்கு முழங்கால் வலி. குழு அந்த வரியை நம்பியது. கண்ணாடிக்காரர் எழுதினால் ஏன் நம்பாது? சில மாதத்தில் ஏற்றுக்கொண்டார்கள். சம்பந்தி அந்த அறிவிப்பைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டதாக மகள் போனில் சொன்னாள். "இப்பல்லாம் மாமா எங்கிட்ட மெதுவாத்தான் பேசறார்பா" என்றாள்.

கரண்ட்டு மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கேட்டார். "ரொம்ப நாளாச்சே, மினுக்கி பேரு என்னாச்சு?"

பதிலைக் கண்ணாடிக்காரர் முன்பே தயார் செய்து வைத்திருந்தார். அந்த விதிமுறைகளிலேயே வாகான ஒன்றாகப் பார்த்து எடுத்த பொய். அதுதான் இன்னும் கேவலம்.

"உன் பேரு ஒத்துவராதாம்டா. அதே மாதிரி பேர்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்காம். வேற பேரு யோசிச்சு அனுப்பச் சொல்லியிருக்காங்க."

கரண்ட்டின் கை நின்றது. பிறகு மறுபடி எண்ணெய் விட்டார். "சரி, போகட்டும். நம்ம கையில என்ன இருக்கு. உன் பொண்ணு பேர வையேன். எட்டு வருஷம் அது பின்னாடி ஓடினோம், வீட்டுப் புள்ளைக்காவது வாய்க்கட்டும்."

கண்ணாடிக்காரர் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த லென்ஸையே துடைத்தார்.

"இரு, இரு" என்று சட்டென்று நிமிர்ந்தார் கரண்ட்டு. முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "ஏற்கெனவே இருக்குன்னா? என் பேர்ல ஒண்ணு மேல சுத்திக்கிட்டே இருக்குன்னு அர்த்தமா?"

"ம்... கிட்டத்தட்ட உன் பேருதான்."

"கிட்டத்தட்டன்னா என்ன, வீட்டுல என் பேர யாரு சரியா சொல்றாங்க? எனக்கு அது போதும்டா. அதை எனக்குக் காட்டணும். எனக்கு மட்டுமில்ல, என் மாமியாருக்கும். ராத்திரி ராத்திரி மாடியில என்ன வேலைன்னு இருபது வருஷமா கேக்குது அந்த அம்மா. ஒரு நாள் கூட்டிக்கிட்டு வந்து காட்டிட்டா வாயடைச்சுப் போயிடும்."

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். இங்கே பொய்யை மறைக்க ஒரு பாறையே வேண்டியிருந்தது. வானத்தில் பாறைக்குப் பஞ்சமில்லை; எதையாவது ஒன்றைக் காட்டி, இதுதான் என்றால் முடிந்தது. கண்ணாடிக்காரர் இரண்டு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தார். யார் பெயரோ உள்ள ஒரு பாறையைக் காட்டிக் கூட்டாளியை ஏமாற்ற மனம் வரவில்லை. மினுக்கி அப்போது நன்றாகத் தெரியும் காலம். நியாயப்படி அது அவனுடையது. இதையாவது காட்டுவோம், உண்மையில் பாதியாவது இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கால் பவர் பிசகினால் லென்ஸைக் குப்பையில் போடுகிற மனிதர், பாதி உண்மை போதும் என்றார்.

சொன்ன நாளில் நன்றாக இருட்டிய பிறகு கரண்ட்டு வந்தார். சலவை செய்த சட்டை. பின்னால் மனைவி, அதற்கும் பின்னால் ஒவ்வொரு படியாக நின்று நின்று மாமியார். மாமியார் மூக்கில் கண்ணாடிக்காரர் கொடுத்த கண்ணாடி. கண்ணாடிக்காரர் முன்பே டெலஸ்கோப்பைத் திருப்பி வைத்து, முதல் படத்தை எடுத்து முடித்திருந்தார். கரண்ட்டு எங்கே திருப்பியிருக்கிறது என்று பார்த்துவிடாமல் நாற்காலிகளைக் கொட்டகையின் இந்தப் பக்கம் போட்டிருந்தார். குற்றமுள்ள நெஞ்சுக்கு எத்தனை வேலை பாருங்கள்.

"கண்ணால பாக்க முடியாதா, அண்ணா?" என்று கேட்டாள் கரண்ட்டின் மனைவி.

"ரொம்ப மங்கல்மா. படத்துலதான் தெரியும். இன்னும் ரெண்டு படம் எடுக்கணும்."

காத்திருந்த நேரமெல்லாம் கரண்ட்டுதான் பேசினார். எண் எப்படி வருகிறது, குழு எப்படி ஓட்டுப் போடுகிறது, அரசியல்வாதி எப்படி நூறு வருடம் காத்திருக்க வேண்டும் என்று மாமியாருக்கு விளக்கினார். "காசு குடுத்தாலும் வைக்க மாட்டாங்க அத்தே. சிபாரிசுக்கெல்லாம் அங்க வேலையே இல்ல. நாலு பேருக்குத் தெரிஞ்ச நியாயமான காரணம் இருக்கணும்" என்றார். கண்ணாடிக்காரருக்குக் காது சுட்டது. எழுந்து போய்க் கூரைத் தண்டவாளத்தைப் பார்ப்பது போல இருட்டில் நின்றார். இப்போதே சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அந்தச் சலவைச் சட்டையைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

மூன்று படமும் ஆயிற்று. திரையில் மாற்றி மாற்றிப் போட்டார். நட்சத்திரங்கள் நடுவே ஒரு புள்ளி நகர்ந்தது.

"அதோ, அது" என்றார் கண்ணாடிக்காரர்.

"இத்தனூண்டா?" என்றார் மாமியார்.

"தூரம் அத்தே, தூரம்" என்று சிரித்தார் கரண்ட்டு.

மாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்கு அருகே குனிந்தார். கண்ணாடிக்காரர் கொடுத்த பவர் துல்லியமானது. "அது ஏன் மாப்பிள்ளை, நடுவுல மங்கிப்போகுது? முதல்ல பளிச்சுன்னு இருக்கு, அப்புறம் மங்குது, திரும்பப் பளிச்சுன்னு வருது?"

கரண்ட்டு எட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. கையால் விசையைத் தட்டி, தானே மூன்று படத்தையும் இன்னொரு தடவை ஓட்டினார். எட்டு வருடம் பார்த்த நடை. பெற்ற பிள்ளையின் நடை மறந்தாலும் மறக்கும், அது மறக்காது.

அவர் திரும்பியபோது முகத்தில் அப்படியொரு வெளிச்சம். கண்கூடக் கலங்கியிருந்தது. எனக்கே வைத்துவிட்டு, ஒத்துவரவில்லை என்று கதைவிட்டு, குடும்பத்தோடு வரவழைத்துக் காட்டுகிறாயா என்று அந்த முகம் கேட்டது. "டேய்" என்றார் மெதுவாக. "டேய், இது..."

கண்ணாடிக்காரர் அப்போது ஒரு புன்னகை செய்திருந்தால் அந்த வினாடி கடந்திருக்கும். முடியவில்லை. தலை தானாகக் கவிழ்ந்தது. காலடியில் கிடந்த வயரையே பார்த்துக்கொண்டு நின்றார். தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. கரண்ட்டு அந்தக் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டே நின்றது அவருக்குத் தெரிந்தது. அவன் எவ்வளவு புரிந்துகொண்டான் என்றும் தெரிந்தது, ஏனென்றால் அந்தச் சலவைச் சட்டைக்குள் விரிந்திருந்த நெஞ்சு மெல்ல அடங்கியது ஓரக்கண்ணில் பட்டது.

"என்னங்க?" என்றாள் கரண்ட்டின் மனைவி. "இது இல்லையா?"

"இதான்" என்றார் கரண்ட்டு. "இதேதான். அத்தே, நல்லாப் பாத்துக்கோங்க. இதுதான் என் பேர்ல இருக்கறது. மங்கறது ஒண்ணுமில்ல, உருண்டுக்கிட்டே போகுது, அதான்."

"நல்லாத்தான் இருக்கு" என்றார் மாமியார். அவர் வாயிலிருந்து இருபது வருடத்தில் வந்த முதல் பாராட்டு அது. படியிறங்கும்போது மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

அன்றைக்கே கண்ணாடிக்காரர் எழுத்துக்கு எழுத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு குழுவுக்கு எழுதினார். மினுக்கியின் பெயரை மாற்ற வேண்டும். முடியாதென்றால் தன் பெயரில் இருப்பதையாவது எடுத்து நண்பனுக்குத் தர வேண்டும். மூன்றாம் நாளே பதில் மரியாதையாக வந்தது. வெளியிட்ட பெயரை மாற்றுவதில்லை. சொன்ன காரணம் வருத்தத்துக்குரியது. அவ்வளவுதான். ஆகவே சம்பந்தி துணை நின்றவராகவும், கண்ணாடிக்காரர் பொய் எழுதாதவராகவும் மேலே சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், சூரியன் இருக்கும் வரை.

நாலு நாள் கரண்ட்டு வரவில்லை. கண்ணாடிக்காரர் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி இருந்தார். ஐந்தாம் நாள் சாயங்காலம் மாடியில் சத்தம் கேட்டது. ஏறிப் போனார். கரண்ட்டு மோட்டாரைக் கழற்றித் துணிமேல் பரப்பி வைத்திருந்தார்.

கண்ணாடிக்காரர் வாசலிலேயே நின்றார். சம்பந்தி, சோபா, மகள், நாலு வரி, எல்லாவற்றையும் சொன்னார். குழுவுக்கு எழுதியதையும் சொன்னார். கரண்ட்டு பல்சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏதாவது சொல்லுடா. கோவமாவது படு."

"கோவம் இருக்கு. நிறைய இருக்கு" என்றார் கரண்ட்டு. "அதுக்கு மோட்டார் என்ன பண்ணிச்சு?"

"எங்கிட்ட வந்து கேட்டிருந்தா, உன் பொண்ணுக்காகன்னு நானே விட்டுக் குடுத்திருப்பேன்டா" என்று பிறகு சொன்னார்.

அது உண்மை என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியும். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்தக் கடைசி வரி" என்றார் திக்கித் திக்கி. "எனக்கு நீ எழுதினியே. அது அப்படியே நிக்கப்போகுதுடா. என்ன செய்யறதுன்னு தெரியல."

கரண்ட்டு பல்சக்கரத்தை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். ஒரு பல் தேய்ந்திருந்தது.

"நான் எழுதினப்ப அது நிஜம்" என்றார். "இனிமே அதை நிஜமாக்கறது உன் பாடு. அந்த ஸ்க்ரூடிரைவரை எடு."

கண்ணாடிக்காரர் எடுத்துக் கொடுத்தார்.